நிக்கோபாருக்குப் புறப்பட்ட டீச்சர்

அத்தியாயம் 3

டிரங்கால் வந்தபோது மணி ஒன்பதே கால்.

தானியேல் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். போடிநாயக்கனூரில் அவருடைய ஏலக்காய்க் கடைக்கு அந்தப் போன் வந்து இருபது வருஷமாகிறது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் அதில் கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப்போன மனுஷர். இன்றைக்கு அந்தத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"மச்சான், கேக்குதா? தங்கபாண்டியன் பேசுறேன்." மதராஸில் வேலை பார்க்கும் மைத்துனன். "கப்பல் எட்டு மணிக்கே போயிருச்சு. வாசல்லயே நின்னு ஒவ்வொரு ஆளாப் பார்த்தேன். பேர் லிஸ்டும் பார்த்தாச்சு. ஜெயம் அக்கா ஏறலை."

"நல்லாப் பார்த்தியா?"

"அக்கா ஏறலை மச்சான்."

மூன்று நிமிஷம் முடிந்து லைன் அறுந்தது. தானியேல் ரிசீவரை வைக்க மறந்து நின்றார். எதிரே மர நாற்காலியில் உட்கார்ந்திருந்த சந்திரவல்லி எழுந்து வந்து, அதை அவர் கையிலிருந்து மெல்ல எடுத்து வைத்தாள்.

காலை ரயிலில்தான் அவள் மதுரையிலிருந்து வந்திருந்தாள். நாற்பத்திரண்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினைந்து வருஷம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கியவள். அதன் பிறகு அந்தக் காதையே முதலாக வைத்துத் துப்பறியும் நிலையம் திறந்துகொண்டவள். கூட ஒட்டிக்கொண்டு வந்த காசிமாயன் முன்னாள் பஸ் கண்டக்டர். வாய்க்கொழுப்புக்காக வேலை போனவன். வேலைதான் போனது.

"அப்ப டீச்சர் கப்பலை விட்டுட்டாங்க," என்றான் காசிமாயன். "இனி நீந்தித்தான் போகணும்."

"உம் பேச்சை நிறுத்துறியா?" தானியேல் மேசையில் அறைந்தார். தராசுத் தட்டு அதிர்ந்தது. "எந்தங்கச்சிய காணோம்யா. நாலு நாளாச்சு."

காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டான்.

நாலு நாள். புதன்கிழமை விடியற்காலையில் வீட்டை விட்டுப் போன ஜெயபாக்கியம் இந்தச் சனிக்கிழமை வரை திரும்பவில்லை. முப்பத்தாறு வயது. பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். தாய் தகப்பன் போன பிறகு தானியேல்தான் அவளை வளர்த்தார், படிக்கவைத்தார். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் அவள் சிரித்துவிட்டு எழுந்துபோவாள். ஆறு வருஷமாக அவளுக்கு ஒரே நினைப்பு, நிக்கோபார்த் தீவுகள். கரையேறி முட்டையிடும் ராட்சத ஆமை, மண்ணைக் குன்றாகக் குவித்து அதற்குள் முட்டையைப் புதைக்கும் காட்டுக்கோழி, தேங்காயை உடைத்துத் தின்னும் நண்டு. இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும். யார் துணையும் இல்லாமல் தானாகவே போய்ப் பார்க்க வேண்டும்.

அவள் போன அன்றைக்கு அறையில் ஒரு கடிதம் கிடைத்தது. 'அண்ணனுக்கு, நான் போகிறேன். கேட்டால் விடமாட்டாய் என்பதால் சொல்லாமல் போகிறேன். என்னைத் தேட வேண்டாம். ஜெயம்.' அதைப் படித்த இன்ஸ்பெக்டர், "படிச்ச பொம்பளை, வயசு வந்தவங்க, தீவைப் பார்க்கப் போறாங்க. நான் எதுக்குங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை கப்பல் என்று விசாரித்து, மைத்துனனைத் துறைமுகத்தில் நிறுத்தியதோடு ஊரே தேடலை முடித்துக்கொண்டது.

இப்போது கப்பலும் போய்விட்டது. அவள் அதில் இல்லை.

"அறையைக் காட்டுங்க," என்றாள் சந்திரவல்லி.

கடைக்கு மேல் மாடியில் சின்ன அறை. கட்டில், மேசை, சுவரில் ஒரு கடல் வரைபடம். தானியேலின் மனைவி புஷ்பலதா வாசலில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்திரவல்லி மேசைமேல் இருந்த தடித்த நோட்டைத் திறந்தாள். ஆறு வருஷத் திட்டமும் அதில்தான் இருந்தது. கப்பல் புறப்படும் மாதங்கள், டெக்கில் படுக்க என்ன தேவை, எந்தத் தீவில் தண்ணீர் கிடைக்கும், எங்கே முதலை உண்டு, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும். எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் வரிசை தப்பாமல் ஓடியது.

"லெட்டர் எங்க இருந்துச்சு? மேசை மேலயா?"

"இல்லக்கா," என்றாள் புஷ்பலதா. "இந்த நோட்டுக்குள்ள. கடைசிப் பக்கத்துல மடிச்சு வச்சிருந்தா. தேடினப்ப விழுந்துச்சு."

"ஸ்கூல்ல என்ன சொன்னாங்க?"

"போன வாரமே லீவு எழுதிக் குடுத்திருக்கா. புதனும் வியாழனும். ரெண்டே நாள்தான். அங்கயும் பொய் சொல்லிட்டாளேன்னு..."

சந்திரவல்லி பக்கங்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். "மாயா, இதைப் படி."

காசிமாயன் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான். "'பேராமை கரையேறும் காலம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மற்ற மாதங்களில் போவது வீண்.' வீணுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருக்காங்க."

"இப்ப என்ன மாசம்?"

"ஜூலை." அவன் புருவம் ஏறியது. "கல்யாணம் முடிஞ்ச வீட்டுக்கு மொய் எழுதப் போற கணக்கா ஆமை இல்லாத தீவுக்கு யாரு போவா?"

"அதேதான். ஆறு வருஷம் திட்டம் போட்டவ, ஆமை வராத மாசத்துல கப்பல் ஏற மாட்டா. கப்பல் போய்ச் சேரவே மூணு நாள் ஆகும், ரெண்டு நாள் லீவு பத்தாது. அண்ணன் பார்க்கணும்னு நினைச்சா லெட்டரை நோட்டுக்குள்ள ஒளிச்சும் வைக்க மாட்டா. இது டிசம்பர்ல வைக்கிறதுக்காக எழுதி வச்ச லெட்டர்." அவள் தானியேலின் பக்கம் திரும்பினாள். "சார், உங்க தங்கச்சி மதராஸ் பக்கமே போகலை."

நல்ல செய்திதானே என்று புஷ்பலதா புருஷனைப் பார்த்தாள். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார்.

கப்பலில்தான் போயிருப்பாள் என்று நாலு நாளாக அவர் கர்த்தரிடம் மன்றாடியிருந்தார். எந்தக் கப்பலை ஊரெல்லாம் பழித்தாரோ அந்தக் கப்பலில் அவள் இருக்கட்டும் என்று முழங்காலில் நின்றிருந்தார். வேறு எங்கே போயிருக்க முடியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

சந்திரவல்லி அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நிக்கோபாருக்குப் போக அனுமதிச் சீட்டு வேணும். ஏப்ரல்ல விண்ணப்பம் அனுப்பினதா எழுதியிருக்காங்க. பதில் வரவேண்டிய விலாசம் உங்க கடை. காலையில இருந்து எங்கிட்ட எல்லாம் சொன்னீங்க. கப்பல் கட்டணம் சொன்னீங்க, இன்ஸ்பெக்டர் சொன்னது சொன்னீங்க. அனுமதி வந்துச்சா, வரலையான்னு மட்டும் ஒரு தடவைகூட நீங்க பேசலை. ஏன் சார்?"

தானியேல் சட்டைப் பைக்குள் கையை விட்டார். நாலாக மடித்த ஒரு கவரை எடுத்தார். வியர்வையில் அதன் முனைகள் நைந்திருந்தன.

"பத்து நாளுக்கு முந்தி வந்துச்சு. போகலாம்னு எழுதியிருக்கான்." கவரை மடியில் வைத்தார். "நான் குடுக்கலை. செவ்வாக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது கேட்டா. பதில் வந்துச்சாண்ணேன்னு. வந்துச்சு, முடியாதுன்னுட்டான், கிழிச்சுப் போட்டுட்டேன்னு சொன்னேன்."

"என்னங்க!" என்றாள் புஷ்பலதா.

"கடலுக்கு அங்கிட்டு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா பொணத்தைக்கூடப் பார்க்க முடியாதே புஷ்பா. அந்தப் பயத்துல சொன்னேன். அவ ஒண்ணும் பேசலை. தட்டைக் கழுவி வச்சா. விளக்கை அமத்தினா. விடிஞ்சா ஆளைக் காணோம்." அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நான் போகிறேன், தேட வேண்டாம்னு எழுதியிருக்கா. நீங்க எல்லாம் அதைக் கப்பலுக்குன்னு படிச்சீங்க. நான் வேற மாதிரி படிச்சேன். நாலு நாளா வேற மாதிரிதான் படிக்கிறேன்."

கீழே தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள்.

ஆறுதலாக ஒரு வார்த்தை வராதா என்று தானியேல் விரல்களின் இடுக்கு வழியாக அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் ஆறுதல் சொல்லவில்லை.

"அது பொய்யின்னு இப்ப என்னால சொல்ல முடியாது சார். தேடித்தான் சொல்லணும். இதை முதல் நாளே சொல்லியிருந்தா மூணு நாள் மிச்சமாகியிருக்கும்." அவள் எழுந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். "ட்ரங்குப் பெட்டி இங்கயே இருக்கு. என்னம்மா காணோம், சொல்லுங்க."

புஷ்பலதா விரல் விட்டு எண்ணினாள். தோளில் மாட்டும் கித்தான் பை, மழைக்குப் போடும் பிளாஸ்டிக் தாள், சின்ன ஸ்டவ், ஒரு தட்டு, கான்வாஸ் ஷூ.

நோட்டின் நடுவே கிழித்த துண்டுக் காகிதம் ஒன்று இருந்தது. சந்திரவல்லி அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். 'அவல், வெல்லம், தீப்பெட்டி, மண்ணெண்ணெய்.' நான்கும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. ஐந்தாவது அடிக்கப்படாமல் நின்றது.

"போயிலை," என்று படித்தாள். "டீச்சர் வெத்தலை போடுவாங்களா?"

"அய்யோ, அந்த வாடையே அவளுக்கு ஆகாது," என்றாள் புஷ்பலதா.

"ஆமைக்குக் குடுக்கவோ என்னமோ," என்று முணுமுணுத்த காசிமாயன், தானியேல் பக்கம் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மாயா, மழைத்தாளும் ஷூவும் எடுத்துக்கிட்டு மலைக்குத்தான் போயிருக்கணும். மலைக்குப் போற ஜீப்பு எங்க நிக்கும்?"

"பஸ் ஸ்டாண்டுக்கு இங்கிட்டு. அங்க ஒரு போயிலைக் கடை இருக்குக்கா, வரும்போதே பார்த்தேன்."

"அப்ப வெரசா கிளம்பு. சார், நீங்களும் வாங்க. உட்கார்ந்திருந்தா செத்துப்போவீங்க."

போயிலைக் கடை ராமுத்தாய்க்கு அறுபது வயதிருக்கும். மலைக்கு வேலைக்குப் போகிற சனங்கள் விடியுமுன் வந்து வாங்கிப் போவதால் அவள் கடை நாலு மணிக்கே திறந்துவிடும். தானியேலைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"டீச்சரா? வந்துச்சே அப்பு. புதங்கெழமை. இன்னும் வெளுக்கலை. என்னடா இது, கருக்கல்ல டீச்சர் வருதேன்னு பார்த்தேன். போயிலை குடுங்கன்னு கேட்டுச்சு. யாருக்கு ஆத்தான்னேன். எனக்குத்தான், தூளாக்கிக் குடுங்கன்னுச்சு. நாந்தேன் கையால கசக்கி, சுண்ணாம்பு கலந்து பொட்டலம் போட்டுக் குடுத்தேன்."

"எதுக்குன்னு சொன்னாங்களா?" என்றாள் சந்திரவல்லி.

"அட்டைக்குத்தேன். வேற எதுக்கு? இந்த மாசத்துல ஏலக்காட்டுக்குள்ள கால வச்சா அட்டை அப்பிக்கிரும்ல. காலுறைக்குள்ள தடவிக்கிட்டா அண்டாது. நம்ம ஆளுக எல்லாம் அப்படித்தேன் போகும். எத்தனை நேரத்துக்குத் தாங்கும், மழையில கரைஞ்சா மறுபடி தடவணுமான்னு டீச்சர் என்னய நோண்டி நோண்டிக் கேட்டுச்சு."

சந்திரவல்லி திரும்பினாள். அவள் கண்ணில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம்.

"கேட்டீங்களா சார்? செவ்வாய் ராத்திரி நீங்க பொய் சொன்னீங்க. புதன் விடியக்காலம் அவங்க இங்க நின்னு போயிலை வாங்கியிருக்காங்க. சாகப் போறவ, அட்டை கடிச்சிருமேன்னு பயப்படுவாளா?"

தானியேலுக்கு அந்த வாக்கியம் காதுக்குள் போய், நெஞ்சுக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு, சந்தை நாளில் ஊர்ச்சனம் பார்க்க, வாய்விட்டு அழுதார். ராமுத்தாய் ஒன்றும் புரியாமல் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"அழுகைக்கு நேரமில்லை," என்றாள் சந்திரவல்லி. "உயிரை விடப் போகலை. ஆனா ரெண்டு நாள்ல திரும்ப வேண்டியவங்க நாலு நாளா வரலை. டீச்சர் எந்த ஜீப்புல ஏறினாங்கம்மா?"

"மலைச்சாமி வண்டியில. அந்தா நிக்கிறான் பாரு, பச்சைத் துண்டு."

மலைச்சாமி அவர்களைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டான். கேட்டதற்கு உடனே பதில் வைத்திருந்தான். "ஆமாண்ணே, ஏத்திட்டுப் போனேன். போடிமெட்டுல இறக்கிவிட்டேன். அங்கிட்டு மூணாறு பஸ்சு ஏறிப் போயிருக்கும்."

காசிமாயன் ஜீப்பின் பின்பக்கம் போய்க் குனிந்தான். பலகை இடுக்கில் விரலை விட்டு எதையோ கிள்ளி எடுத்து வந்தான். உள்ளங்கையில் ஐந்தாறு அரிசி மணிகள்.

"மலையில ஏலக்காய் விளையுதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். உன் வண்டியில நெல்லு விளையுதே மாப்ளே?"

"அது... வீட்டுக்கு வாங்கினது."

"கேரளாவுல இருக்கிற வீட்டுக்கா? நானும் பஸ்சுல பத்து வருஷம் விசில் ஊதினவன்தான். போடிமெட்டு செக்போஸ்டுக்கு ரெண்டு வளைவு முந்தியே வண்டியை நிப்பாட்டுவே. அரிசி மூட்டை ஒத்தையடிப் பாதையில தலைச்சுமையா எல்லை தாண்டும். டீச்சரையும் அங்கதான் இறக்கியிருக்கே. போடிமெட்டுல இறக்கினேன்னு சொன்னா நீ வளைவுல நின்னது யாருக்கும் தெரியாது."

"நாங்க போலீசு இல்லைப்பா," என்றாள் சந்திரவல்லி. "உன் அரிசி எனக்கு வேணாம். அந்தப் பொண்ணு எங்கன்னு மட்டும் சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பதினாலாம் வளைவுல இறங்குச்சுங்க. ஆளே இல்லாத இடமா வேணும்னு கேட்டுச்சு. அங்க நோய் விழுந்து கைவிட்ட ஒரு ஏலத்தோட்டம் இருக்கு. யாரும் போறதில்ல. ஒரு ராத்திரி தனியாத் தங்கிப் பார்க்கணும், வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போன்னுச்சு."

"போனியா?"

அவன் துண்டின் முனையை முறுக்கினான்.

"போனியாடா?" தானியேல் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"அன்னிக்குச் செக்போஸ்டுல புதுசா ஆள் போட்டுட்டாங்கண்ணே. மலை ஏறவே பயமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை கேட்டா ஊரே சொல்லுது, டீச்சர் மதராசுக்குப் போயிருச்சுன்னு. சரி, வேற வண்டி பிடிச்சு எறங்கிருச்சு போலன்னு... நான் வாயத் தொறந்தா அரிசி விசயம் வெளிய வந்துருமேன்னு..."

அவனை அடிக்க ஓங்கிய தானியேலின் கை அப்படியே விழுந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு இருந்தான். தானும் அப்படித்தானே இருந்தார்? எந்த யோக்கியதையில் அடிப்பது?

"வண்டிய எடு," என்றார்.

அடிவாரத்து முந்தல் கிராமத்தைத் தாண்டி ஜீப்பு மலை ஏறியது. கீழே போடிப் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்க, எட்டாம் வளைவிலேயே மேகம் வண்டிக்குள் புகுந்தது. கண்ணாடியில் நீர் வழிந்தது. சந்திரவல்லி நோட்டை முழங்காலில் விரித்துக் கடைசிப் பக்கங்களைப் படித்துக்கொண்டே வந்தாள்.

"ஒத்திகைன்னு தலைப்பு போட்டிருக்காங்க சார். தீவுக்குப் போறதுக்கு முந்தி, துணையில்லாம, மழையில, ஒரு ராத்திரி காட்டுல இருந்து பார்க்கணும்னு. இருக்க முடிஞ்சா போகலாம், முடியாட்டிப் போகக் கூடாதுன்னு தனக்குத் தானே ஒரு பரீட்சை."

"நம்ம ஊர்ல பரீட்சைக்குப் பயந்துதான் புள்ளைக காட்டுக்கு ஓடும். இவங்க பரீட்சை எழுதவே காட்டுக்குப் போயிருக்காங்க," என்றான் காசிமாயன். தானியேலுக்குக் கோபம் வரவில்லை. இவன் பேசாமல் வந்தால்தான் பயமாக இருந்தது.

பதினாலாம் வளைவில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். மலைச்சாமி முன்னே அரிவாளால் புதரை ஒதுக்கிப் போனான். ஆள் உயர ஏலச்செடிகள் பழுத்து மடங்கிக் கிடந்தன. பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. கண்ணுக்குத் தெரியாத ஓடை ஒன்று எங்கேயோ இரைந்துகொண்டிருந்தது. தானியேலின் கணுக்காலில் அட்டைகள் ஏறியதையும் ரத்தம் செருப்பை நனைத்ததையும் அவர் கவனிக்கவில்லை.

"ஜெயம்! ஏ, ஜெயம்!"

ஓடை அந்தக் குரலை விழுங்கிவிட்டது. ஒரு மணி நேரம் கத்தினார்கள். மேலே போனார்கள், கீழே இறங்கினார்கள். ஓரிடத்தில் மூன்று கல் கூட்டி ஸ்டவ் வைத்த தடம் இருந்தது, ஆள் இல்லை. சரிவில் சேறு வழுக்கியிருந்தது. கீழே எட்டிப் பார்த்தால் மேகம்தான். தானியேலின் குரல் அடியோடு போய்விட்டது. வாயைத் திறந்தால் ஊளை மாதிரி ஏதோ வந்தது.

"இறங்கித் தேடுவோம்," என்று சரிவில் காலை வைத்தார். சந்திரவல்லி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நில்லுங்க சார். இந்த மேகத்துல இறங்கினா உங்களையும் தேடணும். மணி என்ன மாயா?"

"மூணு அம்பத்தாறு."

"நோட்டுல ஒரு விதி எழுதியிருக்காங்க. 'வழி தவறினாலோ அடிபட்டாலோ நடக்கக் கூடாது. இருந்த இடத்தில் இருக்க வேண்டும். கத்தித் தொண்டையை வீணாக்கக் கூடாது. மணிக்கு ஒரு தரம் தட்டை மூன்று முறை அடிக்க வேண்டும்.' நாலு மணிக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. ஓடைச் சத்தத்துக்கு மேல ஒரு தட்டுச் சத்தம் வந்தா அதைப் பிடிக்கணும்."

நால்வரும் நின்றார்கள். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. தானியேல் காசிமாயனின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது.

ஒன்றும் வரவில்லை.

நாலு ஒன்று. நாலு மூன்று. நாலு ஐந்து. ஓடை மட்டும் இரைந்தது. சந்திரவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கீழுதட்டைக் கடித்திருப்பதைத் தானியேல் பார்த்தார். அவளுக்கும் நம்பிக்கை போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கர்த்தரே, என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் கேட்க எதுவும் மிச்சமில்லை.

"டீச்சர் கையில இருக்கிறது மூணு நாள் மழையில நனைஞ்ச கடிகாரம் முதலாளி," என்றான் காசிமாயன், மூச்சாலேயே. அவன் குரலில் கேலி இல்லை. "எங்க டிப்போ கடிகாரம் கூரைக்கு அடியில இருந்துக்கிட்டே பத்து நிமிஷம் லேட்டா ஓடும். கொஞ்சம் பொறுங்க."

நாலு ஒன்பது.

டங். டங். டங்.

கீழே. இடது கைப்பக்கம். சின்னஞ்சிறு சத்தம், அடுப்பங்கரையில் யாரோ தட்டை வைத்தது போல.

அதற்குப் பிறகு தானியேல் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. ஓடைக்கரையில் ஒரு பாறைப் பொந்து, அதன் வாயில் கட்டிய பிளாஸ்டிக் தாள். அதை விலக்கினால் ஜெயம். முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிக் கறுத்திருக்க, இரண்டு ஏலத்தண்டுகளை வைத்துத் கிழித்த சேலைத் துணியால் கட்டியிருந்தாள். காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதித்தது. வியாழன் மத்தியானம் ஜீப்புக்கு ஏறி வரும்போது வழுக்கிவிட்டதாம். தவழ்ந்து இந்தப் பொந்துக்கு வந்திருக்கிறாள்.

"அண்ணே," என்றாள். "அவல் தீந்துபோச்சு."

தானியேல் அந்தச் சேற்றிலேயே அவள் பக்கத்தில் விழுந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அனுமதி வந்தது, தான் மறைத்தது, கிழித்ததாகச் சொன்னது, அவள் உயிரை விட்டிருப்பாள் என்று நடுங்கியது. நனைந்த கவரை எடுத்து அவள் கையில் திணித்தார்.

அவள் அதைப் பிரிக்கவேயில்லை.

"எனக்குத் தெரியும்ணே."

"என்னம்மா தெரியும்?"

"அனுமதி வந்தது. ஸ்கூல் தலைமையாசிரியைக்கும் ஒரு நகல் அனுப்பிட்டாங்க. நீ சொல்றதுக்கு மூணு நாள் முந்தியே நான் படிச்சுட்டேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "தெரிஞ்சுதான் அன்னிக்கு உங்கிட்ட கேட்டேன்."

சந்திரவல்லியும் காசிமாயனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அனுமதி இல்லையென்று நம்பிப் போனவளை மூவரும் தேடி வந்திருந்தார்கள். அப்படி ஒருத்தி இருக்கவே இல்லை.

"ஏம்மா என்னைய ஒரு வார்த்தை கேட்கலை?" என்றார் தானியேல். "பொய் சொல்றியேண்ணேன்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ அழுவே. நீ அழுதா நான் போக மாட்டேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "தூக்குண்ணே. கால் ரொம்ப வலிக்குது. மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்."

மலைச்சாமி தன் பச்சைத் துண்டையும் காசிமாயன் தன் வேட்டியையும் அவிழ்த்துத் தூளியாக முடிந்தார்கள். அரைக்கால் சட்டையோடு நின்ற காசிமாயன், "டீச்சர் கண்ணை மூடினது நல்லதாப் போச்சு," என்றான். சேற்றில் வழுக்கி, வேரைப் பிடித்து, முக்கால் மணி நேரத்தில் அவளை ரோட்டுக்கு ஏற்றினார்கள்.

ஜீப்பின் பின்பக்கம் தானியேல் காலை நீட்டி உட்கார்ந்து, அவளுடைய உடைந்த காலைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். மலைச்சாமி வண்டியைப் பூப்போல இறக்கினான். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அவள் பல்லைக் கடிப்பது அவருக்குக் கேட்டது.

பத்தாம் வளைவு தாண்டியதும் கேட்டார். "கால் சரியாக நாளாகுமே. இந்த டிசம்பர் முடியாது."

"அடுத்த டிசம்பர் வரும்."

"நான் கூட வரட்டுமா? ஒரு ஓரமா இருந்துக்கிறேன். உன் ஆமைகிட்ட நான் பேச மாட்டேன்."

"வேண்டாம்ணே. தனியாத்தான் போவேன்."

அவர் வெளியே பார்த்தார். மேகம் மேலே நின்றுவிட்டது. கீழே போடியின் கூரைகளும் தோப்புகளும் மஞ்சள் வெயிலில் தெரிந்தன. ஏழாம் வளைவு போனது. ஐந்தாம் வளைவு போனது. அவள் காலை அசையவிடாமல் பிடித்திருந்த கைகள் மரத்துப்போயின. மாற்றிப் பிடிக்க அவருக்குத் தோன்றவில்லை. சந்திரவல்லி முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. காசிமாயன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவன் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

முந்தலில், கடைசி வளைவும் முடிந்து வண்டி சமதரையில் நேராக ஓடத் தொடங்கிய பிறகு, தானியேல் சொன்னார்.

"சரி."